பாகப் பத்திரத்தில் விட்டுப்போன சத்தம்

திருவள்ளூர்
8-7-1956

சிரஞ்சீவி தேசப்பனுக்கு அப்பா சடையப்பன் எழுதிக்கொண்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. உன் அம்மாவுக்கு உண்டு. ஆனால் அது கிணற்றடியில் உன் சித்தி முத்தம்மாளிடம் வாங்கியது என்பதால் நான் கேட்பதில்லை. அவள் தானாகச் சொல்லும்போது காதில் விழுந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நாகபுரியில் வெயில் தணிந்ததா? விமான நிலையத்தில் வயர்லெஸ் வேலை என்று இங்கே சொன்னால், நீயே விமானம் ஓட்டுவதாகப் பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

இப்போது விஷயம். போன தீபாவளிக்கு நீ வாங்கிக் கொடுத்த ரேடியோ நன்றாகப் பாடுகிறது. சிக்கலே அதுதான். மூன்று வருஷத்துக்கு முன் உன் சித்தப்பா குப்புராஜும் நானும் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது, பாகப் பத்திரத்தை எழுதியவன் நான். முப்பது வருஷமாக ஊராருக்குப் பத்திரம் எழுதுகிறவன் சொந்த வீட்டுக்கு இன்னொருவனிடம் போவது அழகல்ல. கிணற்றில் காலையில் யார் இறைப்பது, தென்னை மட்டை எந்தப் பக்கம் விழுந்தால் யாருக்கு, ஓட்டிலிருந்து வடியும் மழைத்தண்ணீர் எங்கே போவது என்று எதையும் விடவில்லை. ஊஞ்சலில் பலகை எனக்கு, சங்கிலி அவனுக்கு. உத்தரத்தில் அது தொங்கிய இரண்டு வளையங்கள் ஆளுக்கு ஒன்று. வளையங்களுக்கு நடுவே கூடத்தில் எழுப்பிய சுவர் மட்டும் பொது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்கூட ஷரத்து போட்டேன். சத்தத்துக்குப் போடவில்லை.

சுவர் கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. காற்றோட்டத்துக்கு என்று கொத்தனாரிடம் நான்தான் விடச் சொன்னேன். அந்த ஒரு முழத்தின் வழியாக என் ரேடியோ முழுசாக அவன் வீட்டுக்குப் போகிறது. ரேடியோவுக்குச் சர்க்காரிடம் வருஷா வருஷம் பணம் கட்டும் லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. சனிக்கிழமை நாடகத்தில் எனக்கு முன்னால் அவன் சிரித்துவிடுகிறான். செங்கல்பட்டு ஜில்லாவில் பரவலாக மழை என்று செய்தியில் சொன்னால், "எங்க பேஞ்சுது? வந்து காட்டச் சொல்லு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. அதுவும் ரேடியோவுக்குச் சொல்வதுதான். மூன்று வருஷமாக அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை என்பதை நியாயத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

சத்தத்தைக் குறைத்தால் எனக்குக் கேட்கவில்லை. ஆகவே உங்கள் வேலையில் காதில் மாட்டிக்கொள்கிறீர்களே, அந்த ஹெட்போன் ஒன்று வாங்கி அனுப்பவும். என் ரேடியோ என் காதோடு நிற்கட்டும்.

நேரத்தோடு சாப்பிடு என்று எழுதும்படி உன் அம்மா மூன்று முறை சொன்னாள். ஒரு முறை எழுதிவிட்டேன்.

ஆசிகளுடன்,
அப்பா

திருவள்ளூர்
2-8-1956

சிரஞ்சீவி தேசப்பனுக்கு,

நாங்கள் நலம். ரேடியோ நலமில்லை.

ஹெட்போன் பத்திரமாக வந்து சேர்ந்தது. நாலாயிரம் ஓம் என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. பெரிய எண்ணாக இருந்ததால் உயர்ந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டேன். செட்டின் பின்னால் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹெட்போனை முடிந்தேன். 'ரிப்பேர்க்காரரிடம் காட்டாமல் மாட்ட வேண்டாம்' என்று நீ எழுதி வைத்த சீட்டைப் பெட்டியின் அடியில் பிறகுதான் பார்த்தேன். இப்படிப்பட்ட நிபந்தனைகளை முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது பத்திரத் தொழிலில் பாலபாடம்.

பாட்டு கேட்டது. ஆனால் தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று குமிழைத் திருப்பினேன். உள்ளே 'படக்' என்றது. கருகிய வாசனை வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த நிசப்தத்தில் சுவருக்கு அப்பால் உன் சித்தப்பா, "இன்னா ஆச்சு?" என்று கேட்டான். யாரைக் கேட்டான் என்பது தெளிவாக இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை.

செட்டைத் தேரடியில் ஹனீபிடம் கொண்டுபோனேன். பழவேற்காட்டுக்காரன். குடும்பத்தில் எல்லோரும் வியாபாரம், இவன் ஒருவன்தான் ஒயரைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தவன். பின்பலகையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், நல்லா ஓடிகினு இருந்த செட்ட இப்படிப் பேஜாரு பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றான். பிறகு கிணற்றில் கவலை இறைக்கும் மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். நமக்குத் திருப்பாச்சூரில் நிலம் இருப்பது அவனுக்குத் தெரியும்.

"தண்ணி நெறஞ்ச சால இழுத்துகினு மாடு பள்ளத்துல எறங்குது சார். பாதியில கயிறு அறுந்தா இன்னா ஆவும்?"

மாடு குப்புற விழும் என்றேன்.

"அதான் ஆச்சு. உள்ள இருக்கிற வால்வு மாடு. ஸ்பீக்கரு சாலு. அதுக்கு இழுக்கப் பாரம் வேணும் சார்."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து. ஓம் என்பது மின்தடையின் அளவாம். ஸ்பீக்கர் மூன்று ஓம். அந்த மூன்றை வால்வு இழுக்கிற மாதிரி அமைத்துக் கொடுக்க நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அந்த இடத்தில் நாலாயிரத்தைக் கட்டினால், அதன் கணக்கில் ஒன்றுமே கட்டாதது போல. பாரமில்லாமல் விரட்டியதில் டிரான்ஸ்பார்மரின் சுருள் வெந்துபோயிற்று. அப்படியானால் ஹெட்போன் மட்டமான சரக்கா என்று கேட்டேன். "ஹெட்போனும் நல்லது, செட்டும் நல்லது. ரெண்டுக்கும் பொருத்தம் பாக்காம முடிச்சு போட்டது நீங்க" என்றான். இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் பல குடும்பங்கள் என்னிடம் பத்திரம் எழுத வருகின்றன.

சுருளைத் திரும்பச் சுற்றப் பத்து நாளாகும். அதுவரை வீட்டில் ரேடியோ இல்லை. 'செட்டுக்கு இப்ப தேவலையா' என்று கிணற்றடியில் விசாரணை வந்ததாக உன் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

நீ சீட்டுகளை மேலே வைக்கப் பழகி, நீண்ட ஆயுளுடன் இருக்க வேண்டும்.

அப்பா

திருவள்ளூர்
6-9-1956

சிரஞ்சீவி தேசப்பனுக்கு,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. இளைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். படம் எடுத்தவன் தூரத்தில் நின்றிருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தேன்.

செட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஹனீப் அதே மூன்று ஓமுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறான். விரல் நீளத்தில் வெள்ளைக் குச்சி மாதிரி இருக்கிறது. வால்வு அதைத்தான் ஸ்பீக்கர் என்று நினைத்து இழுக்கிறது. ஹெட்போன் பக்கத்தில் தொங்கி, தனக்கு வேண்டிய துளியை எடுத்துக்கொள்கிறது. "மாடு இழுக்கும், தண்ணி வராது. சத்தத்துக்குப் பதிலா குச்சி சுடும், அவ்ளோதான்" என்றான். சுடுகிறது. தொட்டுப் பார்த்தேன்.

செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூட இப்போது எனக்குக் கேட்கிறது. சுவர் தாண்டி ஒரு எழுத்துப் போகவில்லை. முதல் வாரம் இதை வெற்றி என்றே கருதினேன். இரண்டாவது வாரம் சனிக்கிழமை நாடகத்தில், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் எதற்கோ காத்திருந்தேன். அதற்குள் நகைச்சுவை போய்விட்டது.

அன்றுதான் அது நடந்தது. நாடகத்தின் நடுவில் உன் அம்மா எதிரே வந்து நின்று வாயை அசைத்தாள். காதில் ஹெட்போன். தலையாட்டினேன். ரிஜிஸ்டர் ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது பழக்கம். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, போய்விட்டாள். புளி தீர்ந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுத்தான் தெரிந்தது. குப்புராஜ் தன் பாகத்தை விற்றுவிட்டு, முத்தம்மாளின் ஊரான கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகப்போகிறானாம். அந்நியருக்கு விற்பதானால் மற்றவர் சம்மதம் வேண்டும் என்று பத்திரத்தில் ஏழாவது ஷரத்து. எழுதியவன் நான். அந்தச் சம்மதத்தைத்தான் உன் அம்மா அன்று என்னிடம் கேட்டிருக்கிறாள். "அவரு தலையாட்டிட்டாரு" என்று கிணற்றடியில் போய்ச் சொல்லியும் இருக்கிறாள். அதற்கு உன் சித்தப்பா, "ஏன் போறேன்னு ஒரு வார்த்த கேட்டாரா? தலைய ஆட்டினாரா? செரி. ரேடியோவக்கூட மூடிட்டாரு, இன்னும் இன்னா இருக்குது இங்க?" என்றானாம். அன்றைக்கே அட்வான்ஸ் வாங்கிவிட்டான்.

வாங்குகிறவர் கும்மிடிப்பூண்டிக்காரர். இங்கே மாவு மில் வைக்கப்போகிறார். அந்தச் சத்தம் சுவர் மேல் ஒரு முழத்தின் வழியாக இனி எனக்கு இலவசமாக வரும். சத்தத்துக்கு ஷரத்து இல்லை என்பதை முன்பே எழுதியிருந்தேன்.

கிரயப் பத்திரத்தின் நகலை, ஆபீசில் என்னைப் போலவே பத்திரம் எழுதும் சுப்பிரமணி எழுதியிருக்கிறான். எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதே. எல்லை விவரத்தில் இரண்டு தப்பு. வருகிற 14-ந் தேதி வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர். "வாயத் தொறந்து வேணாம்னு சொல்லுங்களேன், நாக்கு தேய்ஞ்சுடுமா?" என்கிறாள் உன் அம்மா. சொல்வதற்கு முகாந்திரம் வேண்டாமா?

வயர்லெஸ் படித்தவன் என்பதால் உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். ரெசிஸ்டர் இப்படிச் சூடாகிக்கொண்டிருப்பது செட்டுக்குக் கெடுதல்தானே? ஒன்றும் ஆகாது என்கிறான் ஹனீப். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைக்கும்படி உடனே எழுது. இது செட்டைப் பற்றிய விஷயம்.

அப்பா

திருவள்ளூர்
16-9-1956

சிரஞ்சீவி தேசப்பனுக்கு,

சுவருக்கு இரண்டு பக்கமும் சௌக்கியம். இந்தத் தகவலுக்கு நானே பொறுப்பு.

உன் பதில் புதன்கிழமை வந்தது. ரெசிஸ்டர் பத்து வருஷம் இருந்தாலும் செட்டுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதியிருந்தாய். பெற்றவன் கேட்கிற தோரணையைப் பார்த்து நீ வேறு மாதிரி எழுதுவாய் என்று நினைத்தேன். ஆகவே வேறு மாதிரி எழுதியதாகவே வைத்துக்கொண்டு ஹனீபைக் கூட்டிவந்தேன்.

குச்சியை எடுத்துவிட்டு, பாரத்துக்குப் பழைய ஸ்பீக்கரையே கட்டச் சொன்னேன். ஹெட்போன் எனக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். வால்வு இழுக்கிற பாரம் யாருக்காவது பயன்படட்டும், சூடாகப் போவானேன் என்றேன். "ஸ்பீக்கர எங்க சார் வெக்கறது?" என்றான். பெட்டிக்குள் இடமில்லை, சுவர் மேல் வை என்றேன். பெட்டிக்குள் இடம் இருந்தது. நீள ஒயர் போட்டு ஏணியில் ஏறினவன், மேலே இருந்துகொண்டு, "மூஞ்சி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டான். ஒயரின் நீளத்துக்கு அந்தப் பக்கம்தான் வசதி என்றேன். கையில் மிச்சமிருந்த நாலு கஜம் ஒயரை ஒரு முறை பார்த்தான். அதைச் சுருட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான். நல்ல தொழிலாளி.

சுவர் பொது. அதன் மேல் பொருள் வைக்க எனக்குப் பாத்தியதை உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஷரத்து இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செட்டைப் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் உருண்ட சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. செய்தி ஆரம்பித்தது. ஒரு காதை மட்டும் விலக்கி வைத்துக்கொண்டேன். செங்கல்பட்டு ஜில்லாவில் பரவலாக மழை என்றார்கள். அப்போதும் சத்தமில்லை. விளையாட்டுச் செய்திக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான், வழக்கமான உரப்பு இல்லாமல், "எங்க பேஞ்சுது?" என்று கேட்டது.

ரேடியோ பதில் சொல்லாது என்பது உனக்குத் தெரியும். "பூண்டி ஏரிப் பக்கமாம்டா" என்றேன்.

"பூண்டியிலயா? நம்ம திருப்பாச்சூர்ல ஒரு தூத்தல் இல்லியே அண்ணே" என்றான்.

இல்லைதான் என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. மேலே பேசினால் செய்தி கேட்காது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே ஆபீசில் போய் உட்கார்ந்தேன். சுப்பிரமணி வந்தான். மில்காரர் வந்தார். முத்திரைத்தாள் வந்தது. உன் சித்தப்பா வரவில்லை. நாலு மணிவரை பார்த்துவிட்டு, மில்காரர் அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பினார். சுப்பிரமணியின் எல்லை விவரத்தில் இருந்த இரண்டு தப்பையும் அவனுக்கு அப்போது சொல்லிக் கொடுத்தேன். இனி யாருக்காவது உதவும்.

வீட்டுக்கு வந்தால், ஊஞ்சல் சங்கிலிகள் சுவர் மேலிருந்து என் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தொட்ட கையில் எண்ணெய் ஒட்டிற்று. எங்கும் துரு இல்லை. மூன்று வருஷமாக உபயோகமில்லாத சங்கிலிக்கு யாரோ எண்ணெய் போட்டு வந்திருக்கிறார்கள். பலகையை நானும் சும்மா போட்டு வைக்கவில்லை, செல்லரிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சங்கிலி அவனுடையது, என்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. அவனிடம் பலகை இல்லை, திருப்பிக் கொடுத்துப் பயனில்லை. மாட்டுவதுதான் வழி. மாட்டலாம் என்றால், வளையம் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நடுவில் சுவர் நிற்கிறது. பொதுச் சுவரை இடிக்க இருவரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லட்டும் என்று அவன் காத்திருக்கிறான். அவன் சொல்லட்டும் என்று நானும் காத்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வயதாகிறது.

தீபாவளிக்கு நாலு நாள் கூடுதலாக லீவு எழுதிப் போடு. வந்து இரண்டு பக்கமும் நின்று ஒரு வார்த்தை கேள். நீ கேட்டால் நான் தலையாட்டுவேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டே ஆட்டுவேன். சுவர் போனால் ஸ்பீக்கருக்கு வேறு இடம் ஹனீப் பார்த்துக்கொள்வான்.

வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். உன் சித்தப்பாவுக்கு நாகபுரி ஆரஞ்சு என்றால் பிரியம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், சீக்கிரம் வர வேண்டும்.

அப்பா