மாப்பிள்ளைப் பாட்டுக்கு நீ தந்த சொல்

இவ்வளவு காலம் வாய் மூடி இருந்தது போதும். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கல்முனைக்குடிப் பள்ளியில் தூரத்தில் இறந்துபோன உனக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுதார்கள். உன்னை இத்தாலியில், நாப்போலியிலேயே அடக்கிவிட்டதால் எங்களுக்கு முன்னால் உன் உடலைச் சுமந்த சந்தூக்கு இல்லை. உன் தம்பி எழும்பி, "எங்கட காக்காவால ஆருக்கும் மனவருத்தம் இருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க" என்றான். எல்லோரும் "மன்னிச்சிட்டம்" என்றார்கள். நான் சொல்லவில்லை.

வெளியே வந்தால், எதிரே புதிதாகத் திறந்த பீட்ஸாக் கடையிலிருந்து உருகிய சீஸும் காய்ந்த இலையும் கலந்த மணம். நீ விடுமுறையில் வந்து பெட்டியைத் திறக்கும்போது வரும் அதே மணம். செருப்பைப் போடாமல் அப்படியே நின்றேன்.

நாவிதன்வெளியில் உன் வாப்பாவின் வயலுக்குக் காவல் போன நாட்கள் ஞாபகம் வந்தன. மண்ணெண்ணெய் அடுப்பில் நீ மக்கரோனி அவித்து, மாசிச் சம்பலில் பிரட்டித் தருவாய். "இத்தாலிக்காரன் கண்டா அழுதிருவான், நீ தின்னு மச்சான்" என்பாய். பிறகு அந்த நாட்டுப் பாட்டுகளை எடுத்துவிடுவாய். பொருள் கேட்டால், "எல்லாம் ஒண்டுதான்டா. உம்மா, காதலி, சாப்பாடு" என்று சிரிப்பாய். அந்த மூன்றையும் போட்டு நாமும் ஒரு கல்யாணப் பாட்டுக் கட்டலாம் என்றவன் நான்தான். இத்தாலிச் சொற்களை நீ தந்தாய், வரிகளை நான் எழுதினேன்.

"கன்னமடி பஞ்செட்டா, கள்ளி உன் நெஞ்செத்தா."

"பஞ்செட்டா எண்டா என்னடா?"

"தின்னுற சாமான்தான். மெத்தெண்டு இருக்கும். போடு, நல்லா இரிக்கி."

பாட்டு ஊரைப் பிடித்தது. போனுக்குப் போன் தாவியது, மாப்பிள்ளை ஊர்வலங்களில் ஒலித்தது. சீடீயின் உறையில் உன் பெயர் மட்டுமே இருந்தது. கேட்டபோது, "இடம் காணாமப் போச்சி மச்சான்" என்றாய். அதையும் நான் விழுங்கிக்கொண்டேன்.

பிறகு நிந்தவூரில் ஒரு கல்யாணம். இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒருவன் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பந்தலே கேட்கும்படி சிரித்தான். "என்ன கா இது? பொண்ணுட கன்னத்தில பண்டி இறைச்சியையா ஒட்டின நீங்க?"

பலர் சேர்ந்து உண்ணும் சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பிடித்த சோற்றோடு அப்படியே இருந்தார்களாம். பஞ்செட்டா என்றால் உப்பிட்ட பன்றி இறைச்சி. நீ அப்போது இத்தாலிக்குத் திரும்பியிருந்தாய். விசாரித்துப் போன் எடுத்தவர்களுக்கு நீ சொன்ன பதில் மறுநாளே என் காதுக்கு வந்தது: "நான் ராகம் மட்டும்தான். வரியெல்லாம் அவன்ட."

ஆக, என் பெயர் முதல் முதலாக அந்தப் பாட்டோடு சேர்ந்தது அன்றைக்குத்தான்.

எனக்குப் பேசியிருந்த பெண்ணும் நிந்தவூர். அவளுடைய வாப்பா பள்ளிவாசல் நம்பிக்கையாளர். "பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிற ஆள், பண்டியக் கொண்டு பாட்டுக் கட்டினா எப்பிடி?" என்று சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் நின்றது. அந்தப் பாட்டை எழுதும்போது நான் அவளைத்தான் நினைத்திருந்தேன் என்பது உனக்கு மட்டும் தெரியும்.

உனக்குப் போன் எடுத்தேன். "நீ வேலை செய்யிற ஹோட்டல் குசினியில அதைத்தானே ஒவ்வொரு நாளும் வெட்டுற? தெரிஞ்சுதானே தந்த?"

"ஓம், தெரியும். ஆருக்குடா விளங்கப் போகுது எண்டு நினைச்சன். நீ கொஞ்சம் பொறு மச்சான், சனம் மறந்திரும். நான் திரும்பி வந்து ஊரில வாழணும். வாப்பாட முகத்தில முழிக்கணும்."

"அப்ப நான் எங்கடா வாழுற?"

நீ போனை வைத்துவிட்டாய்.

நீ திரும்பி வாழவும் இல்லை. உன் வாப்பா மவுத்தானபோது மட்டும் வந்தாய். மையவாடியில் என் பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்டாய். ஒரு வார்த்தை சொல்வாய் என்று வாசல்வரை உன்னோடு மெதுவாக நடந்தேன். "சுகமா இரிக்கியா?" என்று மட்டும் கேட்டாய்.

சனம் மறக்கத்தான் செய்தது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பீட்ஸாக் கடையில் ஓடியதும் நம் பாட்டுத்தான். யாரோ பஞ்செட்டாவை எடுத்துவிட்டு வட்டிலப்பத்தை வைத்துப் பாடியிருக்கிறார்கள். சந்தம் செத்துப்போயிற்று. "கேட்டியாடா?" என்று சொல்லிச் சிரிக்க உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை. அந்தத் தெருவில் வைத்துத்தான் நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது.

நீ சொல்லித்தந்த பாட்டுகள் இன்னும் எனக்கு மனப்பாடம். பொருள் இன்றைக்கும் தெரியாது. தனியே சமைக்கும்போது வாய் தானாகப் பாடுகிறது. நீ பிசகும் இடங்களில் நானும் பிசகுகிறேன்.

இதை உன் நாப்போலி விலாசத்துக்கு அனுப்பப்போகிறேன். நீ கட்டிய மொரோக்கோக்காரிக்குத் தமிழ் தெரியாது. யாரிடமாவது கொடுத்து வாசிப்பித்தாலும், என் பெயர் இருந்தால்தானே தேடிப்பிடித்து உனக்காக மன்னிப்புக் கேட்பாள். விதவை ஒருத்தி அழுதுகொண்டு கேட்டால் நான் கொடுத்துவிடுவேன். அது நீ கேட்க வேண்டியது. அதையும் கொடுத்துவிட்டால், உன்னோடு எனக்கு எதுவும் மிச்சமிருக்காது.

கையெழுத்துப் போடாமல் இப்படியே நாளை தபாலில் சேர்க்கிறேன்.