பெயர் எழுதாத படம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை. நேற்று இரண்டு தடவை போன் செய்து, மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்தேனே, கேட்க வந்தது அது இல்லை. பக்கத்தில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அதனால்தான் மெயில். பதறாமல் முழுவதும் படி.

போன லீவில் என் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தாயே, ஸ்கேனுக்குப் படுக்க ஆள் குறைகிறது என்று என் மாணவப் பையன்கள் புலம்பினதும், என் தலைக்குள்ளே என்னதான் இருக்குன்னு பாருங்களேன் என்று மெஷினில் போய்ப் படுத்துக்கொண்டாயே. ஒன்றும் இருக்காது என்று நானும் கிண்டல் செய்தேன். அந்தப் படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மனப்பாடம் செய்யும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி, நோயை யாரும் தேடுவதில்லை. இந்த வருஷம் என்னிடம் படிக்கச் சேர்ந்த ஒரு பெண், எல்லாரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், திங்கட்கிழமை ஓடிவந்து, சார், இதுல ஒரு ரத்தக்குழாய் மொட்டு மாதிரி புடைச்சிருக்கு, யாருமே கவனிக்கலை என்றாள். சொல்லிக்கொடுத்ததைத் தாண்டிப் பார்க்கிற பிள்ளை கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது, உனக்குத் தெரியுமே. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவன் எண்ணைப் பார்த்தேன். உனக்கு அந்த எண்ணைக் கொடுத்ததே நான்தான். அதெல்லாம் மெஷின் கோளாறு, போய் வேற வேலையைப் பாரு என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் வாடிப்போய்விட்டது. கண்ணால் கண்டதை இல்லை என்று எந்த மாணவரிடமும் நான் சொன்னதே கிடையாது.

மறுநாள் கூப்பிட்டு, நீ பார்த்தது சரிதான், தப்பா இருக்கணும்னு நான் ஆசைப்பட்டுட்டேன் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி மூளை டாக்டரிடம் படத்தைக் காட்டினேன். சிலருக்குச் சும்மா கவனித்து வந்தாலே போதும், சிலருக்குச் சரிசெய்ய வேண்டும், எது என்று தெரிய வேறு ஸ்கேன் எடுக்கணும், தள்ளிப்போடாதீங்க என்றார். அந்தப் புடைப்பு வெடித்தால் என்ன ஆகும் என்று வருஷா வருஷம் பலகையில் படம் போட்டு விளக்குகிறவன் நான். அது தெரிந்திருப்பதுதான் இப்போது என்னைக் கொல்கிறது. பயமாக இருக்கிறதம்மா.

படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். நாளைக்கே லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சற்று முன் அந்தப் பெண் மறுபடி வந்தாள். அந்தப் படத்துக்காரங்க கிட்ட யார் சார் சொல்லப் போறாங்க, பாவம், பயந்துடுவாங்களே என்றாள். நான் சொல்லிக்கிறேன் என்றேன். எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் கத்துக்கொடுங்க சார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். இரும்மா வரேன் என்று பக்கத்து அறைக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நீ தலை நரைத்து, என்னைப் போலவே உன் பிள்ளைகளை நச்சரித்துக்கொண்டு வெகுகாலம் இருக்க வேண்டும். டாக்டர் என்ன சொன்னாலும் முதல் போன் எனக்கு, மறக்காதே.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
அப்பா