காலடி வைக்கக் கேட்டவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்காததால் எழுதுகிறேன்.

நேற்று லா சப்பலில் உள்ள என் கடைக்கு, பசிபிக் கடலில் பிரான்ஸ் ஆளும் நியூ கலிடோனியாத் தீவின் பூர்வகுடி மனிதர் ஒருவர் வந்தார். பிரெஞ்சுக்காரர் எடுத்த குலக்காணியை ஒப்பந்தப்படி திருப்பித் தரச் சொல்லிக் கேட்கப் பாரிஸ் வந்தவராம். இராசவள்ளிக் கிழங்கு வாங்கி, காசும் கொடுத்துவிட்டு, அதையே ஒரு துணியோடு என் முன்னால் வைத்தார்.

"வித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டன், ஐயா!" என்று பிரெஞ்சில் பாய்ந்தேன்.

அவர் சிரித்தார். "வேறை ஆளின்ரை இடத்திலை கால் வைச்சால் நாங்கள் இப்பிடித்தான் அனுமதி கேக்கிறது. உங்கடை காணி எங்கை?"

இத்தனை வருடத்தில் இங்கு ஒருவரும் அதைக் கேட்டதில்லை. இலங்கையில், மயிலிட்டியில்; அதில் இப்போது ஆமி இருக்கிறது என்றேன்.

"உங்களைக் கேட்டோ வந்தவை?"

கிழங்கையும் துணியையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக அரசாங்கம் தருகிற மாற்றுக் காணிக்குச் சம்மதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வியாபாரியாகப் பார்த்தால் லாபம்தான். ஆனாலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். என் கடைத் தட்டு நிறையத் தூள் இருக்கிறது, ஆனால் நீங்கள் வறுத்தது போல இல்லை.

கையெழுத்துக் கேட்டு அரசாங்க ஆட்கள் திரும்ப வந்தால், மகன் வந்துதான் முடிவு என்று சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

மகன்,
கரிகாலன்