ஏழரை மணி சீரியல்

ஜூலை 15, செவ்வாய்

ஆடி பிறக்க இன்னும் ரெண்டு நாள், காலையிலிருந்தே ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். தைக்க நாலே நாலு ப்ளவுஸ். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் அவசரமும் இல்லை. அளவு நோட்டின் பின்பக்கம் சும்மா கிடக்கிறது, அதில் எழுதுகிறேன்.

7.30 சீரியல். பூங்கோதை இன்றும் மயக்கம். இதோடு பதினோரு நாள். மூக்கில் குழாய், கண்ணில் மை, தலையில் மல்லிகைப்பூ. அந்தப் பூ வாடவே இல்லை. மாமியார்க்காரி கதவுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள், அதை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள். முடிந்தது அரை மணி.

பூங்கோதையின் புருஷன் குமரனாக நடித்தவர் போன வருஷமே விலகிவிட்டார். வேறு ஆள் போடுவார்கள் என்று பார்த்தால் குமரனை சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், அவனிடமிருந்து ஒரு போன் கிடையாது.

8.15-க்கு துபாயிலிருந்து இவர் போன்.

"என்னா மெஹரு, பாத்தியா?"

"பாத்தேங்க. இன்னிக்கும் கண்ணு முழிக்கலயே."

"அதானே. நீ என்னா நினைக்கிற, யாரு விஷம் வச்சிருப்பா?"

இருபத்தைந்து நிமிஷம் பேசினோம்.

ஜூலை 17, வியாழன்

காற்று. கண்ணெல்லாம் மண். தையல் மெஷின் பெல்ட் லூஸ்.

சஃபியா கேட்டாள்: "புடிக்கலன்னா ஏம்மா பாக்குற? பாத்துட்டு அரை மணி நேரம் திட்டுற." பத்தாவது படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். போய்ப் படி என்றேன்.

இங்கே சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இவர் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், நாற்பது நாள் இருப்பார். மீதியெல்லாம் போன்தான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். சஃபியா படிக்கிறாளா, படிக்கிறாள். அங்க வெயிலா, வெயில். வச்சிடவா. நாலு நிமிஷம் தாண்டாது. மூன்று வருஷம் முன்னால் இந்தச் சீரியல் ஆரம்பித்தது. அங்கே இவர் ரூமிலும் ஆறு பேர் சேர்ந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து தினமும் அரை மணி. பூங்கோதை சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது சரியா தப்பா என்று ரெண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். எங்களுக்கென்று சண்டை போட வேறு விஷயம் இருந்ததில்லை.

சீரியல் கெட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நிறுத்த முடியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஞாயிறு சீரியல் இல்லை. "புதுப் படத்துக்குப் போயிட்டு வாங்க, கதை சொல்லு" என்று இவர்தான் சொன்னார். சஃபியாவோடு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேட்னி. இடைவேளைக்குள் முப்பது பேரையாவது வெட்டியாகிவிட்டது. கதாநாயகிக்கு ரெண்டு பாட்டு, பிறகு ஆளைக் காணோம். சஃபியா கடைசி அரை மணி என் தோளில் தூக்கம்.

"படம் எப்புடி?"

"வெட்டுறாங்க."

"ம். வேற?"

நாலு நிமிஷம்.

ஜூலை 21, திங்கள்

7.20-க்கு கரண்ட் போனது, வந்தது 8.10. சீரியல் போச்சு. இவர் கூப்பிட்டதும் இன்னிக்கு என்ன ஆச்சு என்று நான்தான் முதலில் கேட்டேன். "இன்னிக்கா?" என்றார். பிறகு, "முழிச்சுட்டா மெஹரு. கண்ணத் தொறந்து மொதல்ல புள்ளயத்தான் கேட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

எனக்கும் கண் கலங்கியது. நல்ல நாள். மாவு அரைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலை 10.30 மறுஒளிபரப்பு. ஸ்ரீரங்கத்து மாமி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்திருந்தார், ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், பதினாலு ப்ளவுஸ். சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

பூங்கோதை விழிக்கவில்லை. குழந்தையைக் கேட்கவில்லை. டாக்டர் வியர்வையைத் துடைக்கிறார், மாமியார்க்காரி கோயிலில் விளக்கு ஏற்றுகிறாள், தொடரும்.

"மாமி, நேத்து போட்டது இதுதானா?"

"இதேதாண்டிம்மா. நேத்திக்கும் பார்த்தேன், இன்னிக்கும் பார்க்கறேன். என்னைச் சொல்லணும்."

ரெண்டு தடவை கேட்டேன். மாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அளவை ஒழுங்காகக் குறித்தேனா என்று எட்டிப் பார்த்தார்.

ராத்திரி போனில் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கவனித்தேன். முதலில் என்னைச் சொல்ல விடுகிறார். பிறகு "அதானே." பிறகு "நீ என்னா நினைக்கிற?" எத்தனை மாதமாக இப்படி? பின்னால் கேட்கும் இரைச்சலை ரூம் டிவி என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

பாலக்கரையில் ஹாஜா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரும் இவரும் ஒரே கம்பெனி, ஒரே ரூம். சுடிதார் கொடுக்கிற சாக்கு. அண்ணன் மனைவி தானாகவே சொன்னார்: "அந்த ரூம நோன்பு நேரத்துலயே காலி பண்ணிட்டாங்களே. ஊருக்கு வெளியில லேபர் கேம்ப். டிவியும் இல்ல ஒண்ணும் இல்ல. வேலை விட்டு பஸ்ஸுல ரெண்டு மணி நேரம், பாதி நாளு நின்னுக்கிட்டுதான் வர்றாங்களாம். உங்க வீட்டுல சொல்லலியா?"

சொன்னாங்க, மறந்துட்டேன் என்றேன்.

அப்படியானால் நாங்கள் பேசுகிற நேரம் முழுவதும் இவர் பஸ்ஸில். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, பார்க்காத சீரியலுக்கு "அதானே." டிவி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச என்ன இருக்கும் என்று பயந்திருப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அதே பயம்.

ஜூலை 26, சனி

சீரியல் முடிந்துவிட்டது.

முன்னறிவிப்பு இல்லை. "மூன்று மாதங்களுக்குப் பிறகு" என்று எழுத்து. எல்லோரும் பட்டுப்புடவையில் வரிசையாக நிற்கிறார்கள், பூங்கோதை நடுவில், மாமியார்க்காரி அவளுக்கு லட்டு ஊட்டுகிறாள். "சுபம், நன்றி." யார் விஷம் வைத்தது? தெரியாது. குமரன்? பேச்சே இல்லை. மூன்று வருஷம் பார்த்தேன். வயிறு எரிகிறது.

நல்லவேளை, ராத்திரி இவருக்கு சிக்னல் இல்லை. மெசேஜ் மட்டும்: நாளைக்கு லீவு, தூங்குறேன், திங்கக்கிழம பேசுறேன்.

ஜூலை 28, திங்கள்

7.30-க்கு வேறு சீரியல். வேறு வீடு, வேறு மாமியார், அதே மாடிப்படி.

முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாக்கியம்கூடத் தயார். 8.15.

"என்னா மெஹரு, பூங்கோதை எப்புடி இருக்கா?"

பஸ் இரைச்சல். யாரோ பின்னால் இருமுகிறார்கள்.

"எழுந்து உக்காந்துட்டா. கஞ்சி குடிச்சா" என்றேன்.

"அல்ஹம்துலில்லா" என்றார். முப்பத்தைந்து நிமிஷம் பேசினோம். சஃபியா பக்கத்து ரூமிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 30, புதன்

மாமி ப்ளவுஸ்: 6 வெட்டியாச்சு. லைனிங் துணி போதாது.

மாமிக்கு இன்னும் ஆறவில்லை. "மூணு வருஷம் ஜவ்வா இழுத்துட்டு லட்டு ஊட்டி முடிச்சுட்டானே! அந்தப் பொண்ணோட ஆத்துக்காரன், சிங்கப்பூர்ல இருக்கானே, அவன் வந்து நாலு வார்த்தை கேக்க வேண்டாமோ?"

வேண்டும்தான். ஹெம்மிங் செய்துகொண்டே, இவரிடம் இனி என்ன கதை சொல்வது என்று யோசித்தேன்.

வியாழன்: நர்ஸ் சாட்சி சொல்ல வருவாள்.
வெள்ளி: குமரனுக்கு விஷயம் தெரியவரும்.
சனி: குமரன் திருச்சி ஏர்போர்ட்.

ஆகஸ்ட் 2, சனி

குமரனை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன். கையில் பெட்டி, தாடி, ஆள் இளைத்துப் போயிருக்கிறான் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"எப்புடி வந்தான்? லீவு குடுத்துட்டாங்களா?"

"தெரியலைங்க."

"பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையிலதான இருக்கும். கேட்டா குடுக்க மாட்டானே." கொஞ்சம் விட்டு, "ஒரேயடியா வந்துட்டானா, திரும்பப் போகணுமா?"

"அதுக்குள்ள தொடரும் போட்டுட்டாங்க."

தப்புப் பண்ணிவிட்டேன். அவனைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. இஷா தொழுது முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப் பதினெட்டு, இன்றும் அம்மா மண்டபம் பக்கம் பஸ் திருப்பிவிடுகிறார்களாம், மாமி வரவில்லை. காற்று குறைவு.

இன்று நான் ஹலோ சொல்வதற்குள் இவர்: "வீட்டுக்குள்ள வந்துட்டானா?"

"இல்லங்க. டாக்ஸி காவேரிப் பாலத்துல நிக்குது. ஆடிப்பெருக்குக் கூட்டமாம்."

சிரித்தார். ரொம்ப நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "ஒரு பாலத்தத் தாண்ட எத்தன நாளு? சும்மா இழுக்குறாங்க மெஹரு."

"ஆமாங்க. இழுக்கத்தான் செய்யுறாங்க."

"சரி, பாப்போம். நாளைக்கு வந்துருவான்."

அந்தக் கதை எழுதுகிறவனை எத்தனை நாள் திட்டியிருப்பேன். குமரனை அழைத்து வரலாம், கதவைத் திறக்கலாம், பூங்கோதையை எதிரில் நிறுத்தலாம். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு: மாமி ப்ளவுஸ் கொக்கி. சஃபியாவுக்கு கிராஃப் நோட்டு. குமரன், தெருமுனை வரை.