பாபநாசத்தில் நீங்கள் தந்த பகல்

அத்தான்,

இன்று காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வைக்கோல் புகை வாசனை வந்தது. தெருமுனையில், அம்மன் கோயில் கொடைக்கு வந்த மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையின் தோலை அனலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய தோலுக்கு ஒரு வாசனை உண்டு. பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். ஒருவர் பதம் பார்க்க ஒரு தட்டு தட்டினார். பாபநாசம் நினைவுக்கு வந்துவிட்டது.

நமக்குக் கல்யாணமான புதிது. உங்கள் சிநேகிதரின் வீடு அங்கே ஆற்றங்கரையில் சும்மா கிடந்தது. ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆர்கன் வாசிப்பவர். துணிமணியைவிட அதிகமாக நீங்கள் தூக்கி வந்தது கேசட்டுகளைத்தான். அத்தனையும் ஆர்கன் இசை. காலையில் காப்பியோடு தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை ஓடும். புதுப் பெண்டாட்டி, பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவர் மட்டும் இருந்த வீட்டில் அந்த இசை ஓடும்போதெல்லாம் எனக்கு யாருமே இல்லாதது போல் இருந்தது.

உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் சாதி ஒன்றுதான். கொட்டடிக்கிற சாதி என்று சொல்லியே ஊர் நம்மை ஒதுக்கி வைத்திருந்தது. கிறிஸ்தவ வேதமும் படிப்பும் வந்ததும் உங்கள் குடும்பத்தார் கொட்டைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் என் தாத்தா காலம்வரை அது இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கார் வேலை கிடைத்தபின் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. நான் சாப்பாட்டுத் தட்டில் விரலால் தாளம் போட்டால் திட்டமாட்டார். பேசாமல் என் கையைப் பிடித்து அமுக்கிவிடுவார். தெருவில் கொட்டுச் சத்தம் கேட்டால் உங்கள் அம்மா சன்னலைச் சாத்துவார்கள் என்று நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு கேள்விப்பட்டேன். என் கையை நானே அமுக்கிக்கொள்ளப் பழகினேன்.

மூன்றாம் நாள் முற்பகலில் பக்கத்து ஊரில் மதியக் கொடைக்கு மேளம் தொடங்கியது. இந்தச் சத்தத்தில் எதைக் கேட்க என்று சலித்துக்கொண்டு நீங்கள் டேப்பின் ஒலியைக் கூட்டினீர்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். என் விரல்கள் கட்டில் சட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கே அது தெரியவில்லை.

"ஏ பிள்ள, நீ அந்த மேளத்துக்கா தாளம் போடுத?"

மறைக்கத் தோன்றவில்லை. "எங்க தாத்தா கொட்டடிச்சவங்க. எனக்கு இந்தச் சத்தந்தான் பிடிக்கும். நீங்க போடுத பாட்டு ஒண்ணும் எனக்குப் பிடிபடல," என்றேன்.

நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். சட்டைப் பையில் பர்ஸ் இருந்தது. பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டீர்கள், உங்கள் அம்மாவிடம் சொல்லப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்து அழுதேன். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து யோசித்துப் பயந்தேன்.

கேசட் முடிந்து தானாக நின்றது. அதன் பிறகுதான் மேளம் முழுசாகக் கேட்டது. எழுந்து எல்லாச் சன்னலையும் திறந்தேன். அத்தான், நான் இரண்டே அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவள். ஒரு வீட்டில் தனியாக இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. யாரும் கையைப் பிடிக்க வரமாட்டார்கள் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. குளியலறை வாளியைக் கவிழ்த்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் விரலால், அப்புறம் உள்ளங்கையால். மேளம் ஓய்ந்து நெடுநேரம் ஆன பிறகும் நான் நிறுத்தவில்லை. தாத்தா மடியில் உட்கார்ந்து பார்த்த அடியெல்லாம் கைக்கு வந்தது. போனவர் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் வாசல் தெளிக்கலாம் என்று கதவைத் திறந்தால், படியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம், மேலே எறும்பு.

"ஊருக்குப் போயிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்."

"மேளம் அடிக்கிற எடத்துக்குப் போனேன். அந்தச் சத்தத்த ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு கேக்கணும்னு தோணிச்சு. மத்தியானமே வந்துட்டேன். நீ உள்ள அடிக்கது கேட்டுது. கதவத் தட்டுனா நிறுத்திருவன்னு இங்கனயே இருந்துட்டேன்."

"பிடிச்சுதா?"

"இல்ல, தல வலிக்கி," என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "ஆனா அடிக்கவன் மொகத்தப் பாத்தேன். கட்டில்ல தாளம் போட்டப்போ ஒனக்கும் அதே மொகந்தான்," என்றீர்கள்.

ஆறிப்போன சோற்றை எறும்பைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

உங்கள் ரசனையும் மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை. இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு நாளும் கொட்டுச் சத்தம் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. எனக்காகப் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். எங்கே என்று உங்கள் அம்மா கேட்டால் வேலை இருக்கிறது என்பீர்கள். அந்த நேரம் என்னுடையது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அடிப்பேன். உங்கள் அம்மா முதலில் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு அந்த வேளையில் தூங்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குச் சில பையன்கள் பறையோடு வந்தபோது, அது சாவுக் கொட்டு, சபைக் கோயில் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று கமிட்டியில் சொன்னார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. "ஆர்கன் கப்பல்ல வந்தது. இது இங்கனயே கெடந்தது. இத வெளிய நிறுத்துனா நானும் வெளியதான் நிப்பேன்," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டீர்கள். ஆராதனை தொடங்க ஆர்கன்காரர் வேண்டுமே. கடைசியில் பையன்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் அடித்த நேரமெல்லாம் நீங்கள் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

போன வருஷம் நீங்கள் போனபோது அந்தப் பையன்கள்தான் முதலில் வந்தார்கள். இப்போது தலை நரைத்த ஆட்கள். "அக்கா, சாருக்கு நாங்க அடிக்கோம்," என்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆனாலும், "வேண்டாம்யா. அவியளுக்குப் பிடிச்சதே நடக்கட்டும்," என்றேன். பாடகர் குழு நாலு குரலில் பாட, அவர்கள் கொட்டைத் தோளில் மாட்டியபடி அடிக்காமல் கல்லறைவரை நடந்து வந்தார்கள்.

வீட்டில் ஒற்றையாக எப்படி இருக்கிறாய், எங்களோடு வந்துவிடு என்று தங்கை கூப்பிடுகிறாள். எனக்கு இருக்கத் தெரியும் என்றேன். நான் அதைக் கற்றுக்கொள்ள நீங்கள் பகலெல்லாம் வெயிலில் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஆர்கன் இப்போது ஒரு சின்னப் பெண் வாசிக்கிறாள். நான் முன் வரிசையில்தான் உட்காருகிறேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அந்தப் பாட்டுகளில் தாழ்ந்து ஒலிக்கும் அடிக்குரல் எந்தப் பக்கம் போகிறது என்று என் காது தேட ஆரம்பித்திருக்கிறது. போன ஞாயிறு இரண்டாவது சரணத்தில் அவள் வாசிப்பு தாளத்தை விட்டு வேகமாக ஓடிவிட்டது. "பைய, பிள்ள, பைய," என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அது அப்படியே உங்கள் குரல்.