வாயில் வராத ஒரு சொல்

அபெமாமா தீவு,
பிப்ரவரி 11

அன்புள்ள பவுரோவுக்கு,

மௌரி, நலம்தானே? நானும் மகள் மெரேனாவும் நலம். நீங்கள் வேலை பார்க்கும் அந்தக் கப்பலில் வாய்க்கு ருசியாக ஏதாவது போடுகிறார்களா? கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் பதில் இல்லை. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது அவசரமான செய்தி ஒன்று.

சுற்றுலாக் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் மெரேனாவின் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். ஊர் கூடும் மனியாபாவில் பிள்ளைகள் ஆடினார்கள். ஹீதர் டீச்சர் தன் நாட்டுக்காரர்களைக் கண்ட குஷியில் நம் புபுசி வழக்கத்தை அளந்துவிட்டார்: இங்கே புபுசி என்று யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்று. உடனே கரோல் என்ற அம்மாள் மெரேனாவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, டீச்சர் சிரித்தபடியே என்னிடம் சொன்னார்.

"இந்தப் பொண்ண எனக்குக் குடுத்துடுறியாம்மான்னு புபுசி கேக்குறாங்க, தாபேட்டா."

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நம் பெரியவர்கள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார்கள். விளையாட்டுக்கென்றாலும் கேட்டது கேட்டதுதானே? "கூட்டிட்டுப் போங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பிள்ளையில்லையாம். தலைநகர் தாராவாவில் காகித வேலைகளை முடித்துக்கொண்டு ஈஸ்டர் கழிந்து வருகிறாளாம்.

டீச்சரிடம் ஓடினேன். வேண்டாமென்று நீயே சொல், நான் அவருக்கு மொழிபெயர்க்கிறேன் என்கிறார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், அதைச் சொல்ல எனக்கு வாய் வராது என்பது அவருக்குப் புரியவில்லை. பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

உங்கள்
தாபேட்டா


ஹாம்பர்க் துறைமுகம்,
மார்ச் 17

அன்பு தாபேட்டா,

கொடுத்துவிடு. கேட்டவரைத் திருப்பியனுப்பிவிட்டு மனியாபாவில் எந்த முகத்தோடு உட்காருவோம்? அதுமட்டுமில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் இங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். நம் பெண் காலமெல்லாம் தேங்காய்தான் உடைக்க வேண்டுமா? எனக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் கொடுத்துவிடு. அழாதே.

பவுரோ


அபெமாமா தீவு,
ஏப்ரல் 21

பவுரோவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கரோல் அம்மாளும் வந்தாள், மெரேனாவுக்குக் கம்பளிச் சட்டையோடு. பள்ளிக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று தருவதாகவும் சொன்னாள். ஊருக்கே முகம் மலர்ந்தது. மெரேனா என் பாவாடையைப் பிடித்த பிடியை விடவில்லை.

நான் கரோலிடம் பேசவே இல்லை. டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். இதுவும் புபுசிதான். உங்க வாயில இருக்கிற 'நோ'வை எனக்குக் குடுங்க."

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. தன் நாட்டுக்காரியைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னார். அவள் மன்றாடினாள். மறுபடியும் அதையே சொன்னார். கரோல் சட்டையை மட்டும் வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாள். தொட்டியும் இல்லை என்றாகிவிட்டது.

இப்போது ஊரில் டீச்சரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், என்னைக் கண்டால் இல்லை. மறுத்தது நானில்லையே. எனக்கு வெட்கமாக இருக்கிறது. தினமும் அவருக்குப் பபாய்க் கிழங்கு அவித்துக்கொண்டு போகிறேன். சேர்ந்து சாப்பிடுகிறோம்.

அப்பா என்ன எழுதினார் என்று மெரேனா கேட்டாள். உன்னை யாருக்கும் தரக்கூடாது என்று எழுதினாரடி என்றேன். அதற்குப் பிறகுதான் தூங்கினாள். நீங்கள் ஊருக்கு வந்ததும் உங்களையும் கேட்பாள். அதையேதான் சொல்ல வேண்டும். நான் கெஞ்சவில்லை, பவுரோ. புபுசி கேட்கிறேன்.

தாபேட்டா