பங்காளித் தீட்டு

பங்குனி 4, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். நாமக்கல் போய் வந்தேன். பஸ்ஸில் இடமில்லை, ராசிபுரம் வரை நின்றபடி.

முன்சீப் கோர்ட்டில் இன்று என் சாட்சியம். கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "செல்லமுத்துப் பண்டாரம் உமக்கு என்ன உறவு?"

சித்தப்பன் மகன் என்று ஊர் சொல்லும், ரத்த உறவில்லை என்றேன். எங்கள் தாத்தா இரண்டாம் தாரமாகக் கட்டியவள் கைப்பிள்ளையோடு வந்தாள், அந்தப் பிள்ளைதான் இவன் அப்பன் என்றேன்.

"அப்படியானால் உம் வீட்டில் சாவு விழுந்தால் அவருக்குத் தீட்டு உண்டா?"

"இல்லீங்க. பங்காளிக்குத்தான் தீட்டு."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் எங்கள் வக்கீலுக்கு ஏக சந்தோஷம். "இதிலிருந்து நகரவே நகராதீர். பங்காளி என்று ஆகிவிட்டால் மாரியம்மன் கோயில் பூசை எப்போதும்போல வருஷம் மாற்றி வருஷம்தான். இல்லை என்று ஆனால் முழுசும் உமக்கு."

தாத்தா கதை நிஜமா? அப்பா ஒரே ஒரு தடவை, கோபத்தில் சொன்னது.

செ. கோர்ட்டு வராந்தாவில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தான். (முழுப் பேரை எழுதக் கை கூசுகிறது. இனி செ.தான்.) என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து நின்றான். "பெரியம்மாவுக்கு இப்ப எப்படீங்கண்ணா இருக்குது?" முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்கியது: கற்பூரம், விபூதி, நல்லெண்ணெய், அம்மாவுக்கு மருந்து. சாம்பிராணி மறந்துவிட்டது.

பங்குனி 6, வியாழன்

காற்றே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் போன வாரம் பூச்சாட்டி நாள் குறித்தாயிற்று. வருகிற செவ்வாய் சாயங்காலம் எனக்குக் காப்பு. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறினால் பொங்கல் முடியும்வரை கோயிலிலேயே படுக்கை. இந்த வருஷ நோம்பி என் முறை.

கிணற்றடியில் பெண்கள் பேசியது காதில் விழுந்தது. நான் இருப்பது தெரியாது.

"போன வருசம் செல்லமுத்து பாடறப்ப எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சுக்கா."

"இந்த வருசம் அவிய அண்ணனாச்சே. வாய்க்குள்ளயே முழுங்கிருவாரு."

சிரிப்பு.

இருபது வருஷமாக நான் அந்த அம்மனைக் குளிப்பாட்டுகிறேன். என் முறையில் ஒரு நாள்கூட விளக்கு வைக்கத் தவறியதில்லை. அவன் பாதி நாள் நேரம் கழித்து வருகிறவன். வாயைத் திறந்தால் எல்லாம் மன்னிப்பு.

அவனிடம் உள்ளவை: குரல். வெற்றிலை போட்டும் வெளுப்பாக இருக்கும் பல். இரண்டு ஆண் பிள்ளைகள். கறக்கும் எருமை. எல்லாருக்கும் சொந்தக்காரன் என்ற பேர்.

என்னிடம் உள்ளவை: கேஸ்.

பங்குனி 8, சனி

அம்மா கஞ்சியைத் துப்பிவிட்டாள். கால் வீக்கம் முழங்கால் வரை. நாள் முழுக்க ஒரே கேள்வி. "செல்லமுத்து வல்லியா சாமி?" என்னிடமே கேட்கிறாள். ஊரில் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டானா?"

செ. பிறந்த மூன்றாம் நாள் அவன் தாய் செத்தாள். அப்போது எனக்கு ஒன்றரை வயது. அம்மா எனக்கு வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்துவிட்டு அவனுக்குக் கொடுத்தாளாம். இதை ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். "என்ற மவன் ஒரு நா அழுதான், அப்பறம் மறந்துட்டான்" என்பாள். மறந்தேனா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரி பாவாயி சோறு போடும்போது சொன்னாள். "ஒருக்கா கண்ணுல காட்டீருங்க. கேசு அவியளோடதானுங்களே, அத்தையோட இல்லீங்களே."

போக்குவரத்துக் கூடாது என்று வக்கீல் உத்தரவு என்றேன். வக்கீல் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பாவாயி நம்பவும் இல்லை. மோர் ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

பங்குனி 10, திங்கள்

பக்கத்து ஊரில் நாலு வீட்டில் அம்மை. வேப்பிலைக் கட்டு இரண்டு வண்டி கோயிலுக்கு வந்தது. காப்புக் கயிற்றுக்கு மஞ்சள் அரைத்து வைத்தாயிற்று.

அம்மா இன்று கேட்கவில்லை. கண்ணைத் திறக்கவே இல்லை.

பங்குனி 11, செவ்வாய். சாயங்காலம்

விடியற்காலையில் அம்மா போய்விட்டாள். மத்தியானம் அடக்கம். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

எட்டு மணிக்கு ஊர்க்கவுண்டர் வந்தார். துக்கம் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பண்டாரம், பக்கத்தூருல அம்மை போட்டிருக்குது. சாட்டுன நோம்பியத் தள்ள முடியாது. இன்னைக்குக் காப்புக் கட்டியே ஆகோணும். உனக்குத் தீட்டு. செல்லமுத்துக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செ. வந்துவிட்டான். வாசலிலேயே "பெரியம்மா" என்று ஒரு குரல். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். நான் "அம்மா" என்று கூப்பிட்டபோது ஒருத்தியும் அழவில்லை.

கவுண்டர் அவனிடம் கேட்டார். "எனக்கும் தீட்டுத்தானுங்க" என்றான். "பாலு குடுத்து வளத்தவிங்க. என்னால காப்புக் கட்ட முடியாதுங்க."

"ரண்டு பேருமே இல்லீன்னா நாமகிரிப்பேட்டைல இருந்து வேற பண்டாரத்தத்தான் கூட்டியாரோணும். அப்பறம் எங்களக் குத்தம் சொல்லப்படாது." கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. இவன் உனக்குப் பங்காளியா, இல்லியா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் கேஸ் போச்சு. கோயிலும் மூன்றாம் மனிதன் கைக்கு. இல்லை என்றால் என் முறை, என் நோம்பி, அவனுக்கு.

சத்தியமாக நான் அதையெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. செ. அம்மா தலைமாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆமாம் என்றால் மொட்டை போட்டுக்கொண்டு என்னோடு சேர்ந்து தூக்குவான். காரியம் முடியும்வரை என் எதிரில் உட்கார்ந்திருப்பான். வருகிறவர்கள் அவன் கையைத்தான் பிடிப்பார்கள். அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

"பங்காளி இல்லீங்க" என்றேன். "கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னேன். அவனுக்குத் தீட்டில்லை. காப்பு அவனே கட்டிக்கட்டும்."

"தன்ற முறையவே உட்டுக் குடுக்கறான் பாரு. பெரிய மனசு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

செ. கையில் அரிசி எடுத்திருந்தான். "ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுட்டுப் போயர்றேனுங்கண்ணா."

"காப்புக் கட்டப்போறவன் பொணத்துக்கிட்ட வரலாமா? போ. போய்த் தலை முழுகு" என்றேன்.

அரிசியை முறத்திலேயே திரும்பப் போட்டான். போய்விட்டான். வாய்க்கரிசி நான் போட்டேன்.

பங்குனி 12, புதன்

தலை மொட்டை. வெயில் சுடுகிறது. பாவாயி பேசுவதில்லை. வக்கீலுக்குத் தெரிந்தால் கத்துவார், அவன் கையில் நோம்பியைக் கொடுத்ததற்கு. கத்தட்டும்.

பொழுது சாயும்போது கோயிலில் பம்பை மேளச் சத்தம். அப்புறம் அவன் பாட்டு. கதவைச் சாத்தினேன். சாத்தியும் கேட்டது.

எதிர்வீட்டு அம்மாள் சோறு கொண்டுவந்தவள் பாவாயியிடம் சொன்னாள். "கோயில்ல நட்ட கம்பத்துக்கு முன்னால நின்னு பாடறாப்புல, நடுவால குரலு உடைஞ்சுபோச்சு. ஆருக்காவன்னு எல்லாத்துக்கும் தெரியுமில்ல. ஊரே அழுதுச்சுங்க."

நான் இன்னும் அழவில்லை. எனக்கு வருவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.